அதிராத மிஷின்

செங்கோடன் பாய்ந்து சிவப்பு பட்டனை அடிப்பதற்குள் கட்டரின் பல் தெறித்துத் தகரச் சுவரில் பட்டது.

மூன்றாவது கட்டர். மிச்சம் ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஆறு மணிக்கு, கடைந்துகொண்டிருந்த இரும்பு அச்சான டையை வாங்க பம்ப் கம்பெனி ஆள் வந்துவிடுவான்.

கோவை கணபதியில் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட் அது. தொண்ணூற்று மூன்றின் ஐப்பசி மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. இரும்பைச் சீவும் அந்த மில்லிங் மிஷின் போன வாரம்தான் தாராபுரத்தில் மூடிய ஒரு பட்டறையிலிருந்து வந்திருந்தது. "மிஷின் தூண்ல மூணு எடத்துல வார்ப்பு ஓட்டைங்க. பட்டி பூசி மூடியிருக்கேன்" என்று விற்றவர் தரையைப் பார்த்தபடி சொல்லியிருந்தார்.

அடி போல்ட்டுகளை முறுக்கியாயிற்று. கட்டரை வெளியே நீட்டாமல் உள்ளே தள்ளிப் பிடித்தாயிற்று. ஆனாலும் பல் இரும்பைத் தொட்டதும், கருகிய ஆயில் வாடையோடு, குளிர்காய்ச்சல்காரனின் பற்கள் மோதுவதுபோல ஒரு நடுக்கம் தூணுக்குள்ளிருந்து கிளம்பி டேபிள்வரை ஓடியது. நடுங்குகிற மிஷினில் எந்தக் கட்டரும் தாங்காது.

மனைவி ராசாத்தாள் டீயோடு வந்தாள். "ஏனுங்க, மூணையும் முழுங்கிப்போடுச்சா? உங்களாட்டவே பசி போல."

டம்ளரை மிஷின்மேல் வைத்தாள். அவன் கடைசிக் கட்டரை மாட்டி ஓட்டினான். டீயில் வளையம் வளையமாக அலை. அதிர்வு எங்கே என்று பார்க்க, பட்டறைக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, ராசாத்தாள் தூணில் உள்ளங்கையைப் பதித்தாள்.

அலை நின்றது. சத்தம் அடங்கியது. கட்டர் சோப்பைச் சீவுவதுபோல இரும்பைச் சீவியது.

"கையை எடுத்துப்போடாத அம்மணி! முடியற வரைக்கும் அப்படியே புடி."

"நான் என்ன உங்க மிஷினுக்கு போல்ட்டுங்களா?" சிரித்தாள்.

இருபது நிமிடம். டை பளபளத்தது.

"போதும், எடு."

"வரமாட்டேங்குதுங்க."

விளையாட்டு என்று நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

மெயின் ஸ்விட்சை இறக்கினான். மோட்டார் ஓய்ந்தது. கை வரவில்லை. ஆயில் ஊற்றினான். இழுத்தான். உளியை எடுத்தான். எங்கே வைப்பது? எது விரல், எது இரும்பு?

நகங்கள் சாம்பல் நிறமாயின. பிறகு கணுக்கள். மணிக்கட்டு.

"சில்லுனு ஏறுதுங்க..."

அவளைக் கட்டிப்பிடித்து மொத்த பலத்தோடு இழுத்தான். அவள் அசையவில்லை. அவள் தோளுக்குப் பக்கத்தில் பட்டி விரிசல்விட்டு, பாளமாகப் பெயர்ந்து விழுந்தது.

உள்ளே ஓட்டை இல்லை.

ஐந்து இரும்பு விரல்கள். மணிக்கட்டில், உடையாமல், ஒரு பச்சைக் கண்ணாடி வளையல்.