முதல் தொட்டி மீன்கள்

ஜெலுத்தோங், 1984. பகல் பன்னிரண்டு மணி.

"முதலாளி! மீனெல்லாம் செத்துக் கெடக்கு!"

பின்கட்டிலிருந்து இந்தச் சத்தம் வந்தபோது, நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் சீனி முகம்மது, இன்ஸ்பெக்டர் தியாகராஜாவின் தட்டில் முட்டைக்கோஸ் பொரியல் வைத்துக்கொண்டிருந்தார். மாசமாயிருக்கும் மகள் ஹமீதாவுக்கு அப்போதுதான் அதே பொரியலைத் தூக்குச்சட்டியில் அனுப்பியிருந்தார்.

"இன்னைக்குத்தான் புது ஆளுகிட்ட எடுத்த கோபிஸ், இன்ஸ்பெக்டர். ஒரு புழு ஓட்டை இல்லலா" என்று முட்டைக்கோஸைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தவர், கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். இன்ஸ்பெக்டரும் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்.

பின்னால் இரண்டு சிமெண்டுத் தொட்டிகள். முதல் தொட்டியில் திலாப்பியா மீன்கள் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன. அடுத்த தொட்டியில் இருந்த குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சீனி முகம்மதுவுக்குக் கோபம் வந்தால் யோசனை வராது. சத்தம் போட்ட வேலைக்காரன் அப்துல் ரசாக்கின் சட்டையையே பிடித்தார். தையல் பிரிந்தது.

"இவன்தான்! ஊருக்குப் போக லீவு கேட்டான், இல்லேன்னுட்டேன். கரப்பான் மருந்து இவன்கிட்டதான் இருக்கு. லாக்கப்புல போடுங்க. நாளைக்கே பெர்மிட்டை வெட்டி ஊருக்கு அனுப்பிடுறேன்!"

"நான் இல்ல முதலாளி. ஊர்ல வீடே என்னைய நம்பித்தான் இருக்கு."

தியாகராஜா மருந்துப் புட்டியை முகர்ந்தார். மண்ணெண்ணெய் வாடை. ஒரு சொட்டை வாளித் தண்ணீரில் விட்டார். எண்ணெய் பளபளவென்று படர்ந்தது. முதல் தொட்டியில் அப்படி எதுவும் படரவில்லை. தின்று மீந்த இலை நரம்புகள்தான் மிதந்தன.

"காலையில இதுக்கு என்ன போட்ட, தம்பி?"

"கோபிஸோட மேலிலை. கழுவுறதுக்கு முன்னாடி உரிச்சுப் போட்டுருவேன். தினமும் அப்படித்தான்."

"குஞ்சுங்களுக்கு?"

"சோறு மட்டும்."

"இலை போடச் சொன்னது?"

ரசாக் தயங்கினான். "முதலாளிதான்."

இன்ஸ்பெக்டர் இரண்டு பேசினில் குஞ்சுத் தொட்டித் தண்ணீரை மொண்டார். ஒன்றில் மட்டும், சமையலுக்குக் கழுவி வைத்திருந்த உள்ளிலையை நறுக்கி ஊறவைத்தார். பிறகு இரண்டிலும் ஒவ்வொரு குஞ்சை விட்டார்.

பகல் ஒரு மணி. இலை ஊறிய தண்ணீரில் குஞ்சு துள்ளியது, சாய்ந்தது, மல்லாந்தது. மற்றது நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்தது.

"மீனைக் கொன்னது நீங்க வாங்கின கோபிஸ்தான், அண்ணே. ஓட்டை இல்லேன்னு சந்தோஷப்பட்டீங்களே, அங்கதான் கோட்டை விட்டீங்க. புழுகூட வாய் வைக்காத இலை அது. அறுக்கிற வரைக்கும் மருந்தடிச்சிருக்கான். இலையில ஒட்டினது தண்ணியில எறங்கிடுச்சு."

சீனி முகம்மது ரசாக்கின் கிழிந்த சட்டையைப் பார்த்தார். வெட்கப்படக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"இன்ஸ்பெக்டர்... நீங்க ஊறப்போட்டது கழுவின இலைதானே?"

"கழுவினதுதான்" என்றார் தியாகராஜா. தன் தட்டில் பாதி காலியான பொரியலை அவரும் நினைத்துக்கொண்டார்.

சீனி முகம்மது கல்லாவுக்கு ஓடித் தொலைபேசியைச் சுழற்றினார்.

"சாப்பிட்டாச்சு வாப்பா" என்றாள் ஹமீதா. "கோபிஸ் ரொம்ப ருசி. ராத்திரிக்கும் கொஞ்சம் அனுப்புங்க."

அவர் ரிசீவரைப் போட்டுவிட்டுத் திரும்பினார். வாசலில் மோட்டார் சைக்கிள் உறுமியது. கிழிந்த சட்டையோடு அதன்மேல் இருந்தான் ரசாக்.

"ஏறுங்க முதலாளி. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்."