புகைக்குள் கூடுதலாக ஒரு குரல்

அன்று சாயங்காலம் ஊர்க்கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊர்த்தலைவர் மொரோகா. புல்வெளிப் பாதுகாப்புச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மாடு வளர்க்கும் நுமாதா. புல்வெளியைப் பார்த்தபடி ஜன்னல் வைத்து விடுதி நடத்தும் சகாதே அக்கா. ஒசாகாவில் வங்கியில் இருந்து ஓய்வு பெற்று, இயற்கையோடு வாழப் போகிறேன் என்று வந்து சேர்ந்த கிதாமுரா. அவர் போட்டிருந்த தீயணைப்புச் சட்டையில் கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. மற்றபடி வீட்டுக்கு ஒருவராக ஊரார், தலையாட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்து பழகாதவர்கள். ஹிரகா வீட்டுக்காக நான்.

உட்சுமி இல்லை. அவர் முந்தைய வருடத்துப் புல் எரிப்பிலேயே செத்துப்போயிருந்தார்.

எங்கள் மேட்டுப் புல்வெளியின் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். ஒரு பத்திரிகையின் அட்டையில் வந்தது. நாணல் வெள்ளையாகச் சாய்ந்திருக்கும், அதன் முன்னால் மொரோகா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், ஒவ்வொரு புல்லையும் அவரே பெற்று வளர்த்தது போல. ‘ஊரே கைகோத்துக் காத்த வெளி’ என்று தலைப்பு. கைகோத்தது உண்மைதான். நடுவில் ஒரு ஆள் நசுங்கியது படத்தில் இல்லை.

புல்வெளியின் நடுவில் உட்சுமிக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ரத்தம் சுத்தம் செய்ய வாரத்தில் பாதி நாள் கீழே நகரத்துக்குப் போக வேண்டும். பனி விழுந்தால் மலைப்பாதையில் வண்டி இறங்காது. நிலத்தைச் சூரியத் தகடு போடுகிற கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கலாம் என்று அவர் நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லவும் செய்தார்.

மறுநாளிலிருந்து அவரோடு யாரும் பேசவில்லை.

ஒதுக்கிவைப்பது எங்கள் பக்கத்தில் பழைய தண்டனை. ஒதுக்கிய வீட்டோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது, வணக்கம் கிடையாது. எதிரே வந்தால் மரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். இரண்டுக்கு மட்டும் விலக்கு உண்டு: நெருப்பு, சாவு. அந்த இரண்டு நேரத்தில் ஒதுக்கப்பட்டவனும் ஊரோடு வந்து நிற்கலாம், பேசலாம், பேசினால் பதில் சொல்ல வேண்டும். இதை இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வீடு எரிந்தால் பக்கத்து வீடும் எரியும், பிணத்தைப் போட்டுவைத்தால் நாறும், அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் உட்சுமியின் மனைவி செத்தாள். ஊரே கறுப்பு உடையில் வந்தது. ஊதுவத்தி வைத்தது, துக்கம் விசாரித்தது, சாப்பிட்டது. சகாதே அக்கா அழக்கூடச் செய்தாளாம். மறுநாள் உட்சுமி வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அதே ஆட்கள் அவரை மரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வசந்தத்தில் புல் எரிப்பு. நெருப்பு வேலை என்பதால் அவரும் வந்து வரிசையில் நின்றார். திரும்பி வரவில்லை. ஊர் மறுபடியும் கறுப்பு உடையை எடுத்தது.

இதெல்லாம் நடந்தபோது நான் நகோயாவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் தொழிற்சாலை வாசல்வரை போய்விட்டு உள்ளே போகாமல் திரும்பினேன், வேலையும் அதோடு போனது. ஊருக்கு வந்தபோது அம்மா பனியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு கிடந்தாள். சகாதே அக்கா சூப் கொண்டுவந்து கொடுத்தாள். நுமாதாவின் மனைவி வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். என்னிடம் வண்டியும் இல்லை, உரிமமும் இல்லை.

புல் எரிப்பு நாள் காலையில் அம்மா படுத்தபடியே சொன்னாள்.

“போய் நின்னுட்டு வாடா. நம்ம வீட்லேர்ந்து ஆள் வரலேன்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது.”

“வந்தா என்ன?”

“நாளைக்கு நீ என்னைத் தோள்லயா தூக்கிட்டுப் போவ? வாயை மூடிட்டு நில்லு. அவங்க சிரிச்சா சிரி.”

போனேன்.

புல்வெளியின் மூன்று பக்கமும் காடு. எரிக்காமல் விட்டால் புதர் ஏறி வெளி காடாகிவிடும். எரிக்கும்போது கவனம் தப்பினால் தீ காட்டுக்குத் தாவி ஊரும் போய்விடும். அதனால் ஓரத்தில் வரிசையாக நின்று, தாவுகிற தீயைப் பச்சை மூங்கில் விளாறால் அடிக்க வேண்டும். புகையில் பக்கத்து ஆள் தெரியமாட்டான். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் ‘ஓய்’ என்று கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவர் ‘கேட்டுச்சு’ என்று சொல்லியாக வேண்டும். ஆபத்தில் இருப்பவனும் அப்படித்தான் கூப்பிடுவான். பதில் சொன்னவன் அவனிடம் ஓட வேண்டும்.

முதுகில் மாட்டுகிற தண்ணீர்ப் பைகளை நிரப்பும்போது நுமாதா என் காதருகே வந்தார்.

“உன்னை எங்க நிறுத்தியிருக்காங்க தெரியுமா தம்பி? தலைவருக்கு அந்தப் பக்கம். கடைசி ஆள் நீதான். உனக்கு அப்பால பாறை.”

“யாராவது ஒருத்தன் கடைசியா நிக்கணும்ல.”

“பாறைகிட்டதான் உட்சுமி நின்னான். அங்க இப்ப யாரும் நிக்கறதில்லை.”

தண்ணீர் வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை.

“அன்னிக்கு அவன் கூப்பிட்டது எனக்கே கேட்டுச்சு. நான் தலைவருக்கு இந்தப் பக்கம் நின்னேன். மூணு நாலு தரம் கூப்பிட்டான்.”

“அப்போ நடுவுல நின்ன தலைவருக்கு?”

“கேக்கலேன்னு சொல்றாரு.”

“நீங்க போயிருக்கலாமே?”

“என்னையா கூப்பிட்டான்? பக்கத்து ஆள்தானே பதில் சொல்லணும். வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல.” பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாடுகளோடு இருந்து இருந்து அசைபோடுவதை மட்டும் கற்றுக்கொண்ட மனிதர்.

மேட்டிலிருந்து தீ வைத்தார்கள். காய்ந்த நாணல் எரியும் சத்தம் முதலில் மழை போல இருந்தது, பிறகு யாரோ மூங்கில் கட்டுகளை ஒடிப்பது போல. புகை இறங்கியது. நடுப்பகலில் சூரியன் செம்பு நாணயம் மாதிரி ஆகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. என் கையிலிருந்த விளாறின் நுனிகூடத் தெரியவில்லை.

தூரத்திலிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது. ஓய். கேட்டுச்சு. ஓய். கேட்டுச்சு. மொரோகா என்னைக் கூப்பிட்டார், நான் பதில் சொன்னேன். எனக்கு அப்பால் யாரும் இல்லை என்பதால் அதோடு முடிந்தது.

காற்று திரும்பியது.

புல் எரியும் வாசனையோடு வேறொரு வாசனை வந்தது. முடி கருகுகிற வாசனை. என் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு பாறைப் பக்கத்திலிருந்து கேட்டது.

“ஓய்.”

சாதாரணக் குரல். கத்தவில்லை, அழவில்லை. பக்கத்து வரப்பில் நிற்பவன் கூப்பிடுவது போல.

நான் மொரோகா இருந்த பக்கம் திரும்பினேன். விளாறு அடிக்கும் சத்தம் அங்கே நின்றுபோயிருந்தது.

“ஓய்.”

இந்த முறை கிட்டத்தில்.

யாராக இருந்தாலும் நெருப்புக்குள் நின்று கூப்பிடுகிறான். நான் வாயைத் திறந்தேன்.

“கேட்டுச்சு.”

பாறையை நோக்கி ஓடினேன். அங்கே யாரும் இல்லை. சாம்பல் மட்டும் சூடாக, யாரும் மிதிக்காமல் கிடந்தது. யாரோ வெகுநேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை விடுவது போல என் கன்னத்தில் ஒரு சூடு பட்டு விலகியது.

சாயங்காலம் கூடத்தில் வழக்கமான விருந்து. சோற்று உருண்டை, முள்ளங்கி ஊறுகாய், சுடவைத்த சாகே மது. எல்லோர் முகத்திலும் கரி. கிதாமுரா தன் முகத்துக் கரியைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளுக்குப் படம் அனுப்ப வேண்டுமாம்.

மொரோகா குடிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஹிரகா வீட்டுத் தம்பி. புகைக்குள்ள யாருக்குப் பதில் சொன்ன?”

“பாறைப் பக்கத்துலேர்ந்து கூப்பிட்டாங்க.”

“அங்க யாரு இருக்கா?”



“உங்களுக்கும் கேட்டிருக்கணுமே தலைவரே. விளாறை நிறுத்திட்டீங்களே.”

“எனக்கு எதுவும் கேக்கலை.” கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். “ஒதுக்கின ஆளுக்கு யாரு பதில் சொன்னாலும் அந்த வீட்டையும் ஒதுக்கணும். இது நான் போட்ட சட்டம் இல்லை.”

“நெருப்பு நேரத்துல பேசலாம்னுதானே வழக்கம்?”

“செத்தவனுக்கு என்னடா நெருப்பு நேரம்? உங்க அம்மாவை நாளைக்கு யாரு கூட்டிட்டுப் போறாங்கன்னு பார்ப்போம்.”

நுமாதா தன் தட்டை ஆராய்ந்தார். கிதாமுரா, “இந்த மாதிரி கட்டுப்பாடு இருக்கறதாலதான் ஊரு ஊரா இருக்கு” என்று பொதுவாகச் சொன்னார். அம்மாவுக்காகச் சூப் ஊற்றித் துணியில் கட்டிய டப்பா ஒன்று என் பக்கத்தில் இருந்தது. சகாதே அக்கா ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்போதே என்னை மரத்தைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். நன்றாகப் பழகிய பார்வை.

முடி கருகுகிற வாசனை வந்தது.

“அடுப்புல ஏதாவது இருக்கா அக்கா?” என்று யாரோ கேட்டார்கள்.

அடுப்பு அணைந்திருந்தது.

“ஓய்.”

வாசலுக்கு வெளியே. எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்ததிலிருந்து அது தெரிந்தது.

நுமாதாதான் முணுமுணுத்தார். “நெருப்புதான் அணைஞ்சிடுச்சே.”

கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“நெருப்புக்கும் சாவுக்கும்தானே அவன் வரலாம். நெருப்பு முடிஞ்சுடுச்சு. அப்போ எதுக்கு வந்திருக்கான்?”

ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். யாருக்கு இருமல், யாருக்கு நெஞ்சுவலி, யாருக்கு வயது அதிகம் என்று கணக்குப் போடுவது கண்ணில் தெரிந்தது. நான் வீட்டில் தனியாகக் கிடக்கும் அம்மாவை நினைத்தேன்.

மொரோகா எழுந்தார். “எவனோ விளையாடறான்” என்றார். காலணியைச் சரியாக மாட்டாமலே இழுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கூடத்து விளக்கொளி அவர் முதுகில் விழுந்தது. அதற்கு அப்பால் கருகிய புல்வெளி, இருட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு பெரிய வெளியில் ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லை. ஊர் அத்தனை நன்றாகக் காப்பாற்றியிருந்தது.

“யாருடா அது?”

“ஓய்.”

அவருக்கு மிகப் பக்கத்தில்.

பக்கத்து ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். மொரோகா சொல்லவில்லை. அவர் தோள்கள் ஒடுங்கின. தலையைத் திருப்பாமல், எங்களைப் பார்த்துத்தான் கேட்டார்.

“யாராவது சொல்லுங்களேன்.”

யாரும் வாயைத் திறக்கவில்லை.

“நுமாதா. அக்கா.” பிறகு குரல் உடைந்தது. “ஓய்.”

எங்களைத்தான் கூப்பிட்டார். எங்கள் எல்லோருக்கும் கேட்டது. என்னை அவர் புகைக்குள் கூப்பிட்டபோது உடனே பதில் சொல்லியிருந்தேன். இப்போது நான் சோற்று உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொரோகா மறுபடியும் கூப்பிட்டார்.

“ஓய்.”

வெளியிலிருந்துதான் பதில் வந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில், சாதாரணக் குரலில், மரியாதையாக.

“கேட்டுச்சு.”

சகாதே அக்காதான் முதலில் எழுந்தாள். கிதாமுரா அவளுக்கு வழிவிட்டு, வாசலில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கினார். யாரோ விளக்கை அணைத்தார்கள். இருட்டில் என் மடியில் சூடாக ஏதோ வந்து அமர்ந்தது. துணி கட்டிய டப்பா.

“ஆறறதுக்குள்ள அம்மாவுக்குக் கொடுத்துடு தம்பி” என்று சகாதே அக்கா கிசுகிசுத்தாள்.

நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அவள் கதவை மொரோகாவின் முதுகுக்குப் பின்னால் மெதுவாக, சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள். நுமாதா தாழ்ப்பாளைப் போட்டார்.