பெட்டிக்குள் மட்டும் மங்கல்

படத்தில் பதினான்கு பேர் தெளிவாக இருந்தார்கள். செத்தவர் மட்டும் மங்கலாக இருந்தார்.

இருதய அருணுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஃபிலிம் காலத்தில் திண்டிவனத்தில் கேமரா பிடித்தவர்கள் எல்லாம் மண்வெட்டி பிடித்திருக்க வேண்டியவர்கள் என்பது அவன் எப்போதோ எடுத்த முடிவு. சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிற்கவைத்து எடுக்கிற படத்தில், கொட்டாவி விடாத, தலையைச் சொறியாத ஒரே ஆள் பெட்டிக்குள் இருப்பவர்தான். அவரைக்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியாதவனுக்கு எதற்கு ஸ்டுடியோ?

நெகட்டிவைக் கொண்டுவந்த அமல்ராணிக்குப் பத்தொன்பது வயது. மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அவள் அப்பா தொண்ணூற்று மூன்றில் இறந்தவர். பதினைந்தாம் வருட நினைவு நாளுக்கு அவர் முகத்தை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டுமாம்.

"வேற படமே இல்லியாம்மா?"

"இருக்குதுண்ணா. எனக்கு இந்த மூஞ்சிதான் வேணும்."

ஊரில் இப்படித்தான் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அவளைப் பின்னால் ஸ்டூலில் உட்காரச் சொன்னான். அவன் வேலை பார்க்கும் கலர் லேபின் அந்தப் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும் உள்ளே ஏசியின் ஈரக் குளிரும், பிரிண்ட் கழுவும் மருந்தின் புளித்த வாடையும், ஸ்கேனர் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்வது போன்ற சத்தமும்தான் எப்போதும்.

முதல் சாஃப்ட்வேர் லேபுக்கென்று வாங்கியது. முகத்தைக் கூர்மையாக்கச் சொன்னால் ஃபிலிமின் புள்ளிகளைக் கூர்மையாக்கியது. செத்தவருக்கு அம்மை போட்டாற்போல ஆனது. "இத்த எழுதுனவன் மனுஷன் மூஞ்சியே பார்த்ததில்ல போலக்கீது," என்று மூடினான். அடுத்தது இன்டர்நெட்டில் இலவசமாக இறக்கியது. ஆளைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுத்து, பதினான்கு பேரையும் சுண்ணாம்பு அடித்த சுவராக்கியது. ஓசிக்கு வந்ததன் லட்சணம். மூன்றாவது, விழுப்புரத்துச் சீனுவாசன் சிடியில் போட்டுக் கொடுத்தது. சீனுவாசனுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்றாலும் வேறு வழியில்லாமல் திறந்தான்.

அது வேலையைத் தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்டது. மங்கல் எதனால்? ஃபோகஸ் தவறியதாலா, அசைந்ததாலா?

ஃபோகஸ் என்று கொடுத்தான். ஒன்றும் ஆகவில்லை. பெரிதாக்கிப் பார்த்தான். தலையணை ஓரத்து லேஸின் ஒவ்வொரு ஓட்டையும் தெரிந்தது. அதன்மேல் கிடந்த முகம் மட்டும் ஈரத்துணியால் துடைத்தது போல இழுபட்டிருந்தது. ஃபோகஸ் தவறியிருந்தால் லேஸும் போயிருக்கும். எடுத்தவன் கை ஆடியிருந்தால் எல்லோருமே ஆடியிருப்பார்கள். தலைமாட்டில் நின்றவரின் மீசையை மயிர் மயிராக எண்ணலாம்.

"இன்னொன்னு இருக்குதேண்ணா. அசைஞ்சதுன்னு."

"செத்தவங்க அசைய மாட்டாங்கம்மா," என்றான், குழந்தைக்குச் சொல்வது போல. "இதுகூடத் தெரியாம வந்துட்டு…"

"அன்னிக்கு எனக்கு நாலு வயசு. எங்க பெரியப்பாவும் இதேதான் சொன்னாரு."

கரண்ட் போனது. ஏசி நின்றது. யூபிஎஸ் கீச்சிட்டது. திரையின் வெளிச்சம் மட்டும்.

அப்போதுதான் கவனித்தான். பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் கேமராவைப் பார்த்தார்கள். வெள்ளை கவுன் போட்ட சின்னப் பெண் மட்டும் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அசைந்தது என்று கொடுத்தான்.

எந்தப் பக்கம் என்பதை அதுவே கண்டுபிடித்தது. இடமிருந்து வலம். வலமிருந்து இடம். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கின. மூக்கு வந்தது. நெற்றி வந்தது. கண்.

"தொறந்துக்கினு இருக்குதாண்ணா?"

அவள் குரலில் ஆச்சரியமே இல்லை.

அவன் முகத்தை இன்னும் பெரிதாக்கினான். வாயும் திறந்திருந்தது. தாடையைக் கட்டிய துணி நெகிழ்ந்து கிடந்தது. பல் தெரிந்தது. இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிற முகம் இல்லை இது. இருக்க முடியாது.

"சாஃப்ட்வேர் பொய் சொல்லும்மா. இல்லாததெல்லாம் அதுவா வரைஞ்சி வச்சிரும்."

"சரிண்ணா. அப்ப அடுத்த நெகட்டிவப் போடுங்க. அதுக்கு சாஃப்ட்வேரே வேணாம்."

போட்டிருக்கக் கூடாது. போட்டான். யூபிஎஸ் கீச்சிட்டது. ஸ்கேனரின் வெளிச்சம் கண்ணாடிக்கடியில் ஊர்ந்தது. படம் மேலிருந்து வரிவரியாக வந்தது. பந்தல் துணி. தலைகள். எல்லோர் கண்ணும் கேமராவில். மீசைக்காரரின் கையில் சுத்தியல். பெட்டி மூடியிருந்தது. ஆணித்தலைகள் மின்னின. அந்தப் பெண் மூடிமேல் காதை வைத்திருந்தாள்.

எல்லாமே தெளிவு. ஆணி, சிலுவை, மரத்தின் ரேகை, அவள் கவுனின் பொத்தான்.

மூடியின் மேல் கிடந்த சம்மங்கி மாலை மட்டும் அசைந்திருந்தது.