இடது காறை எலும்பு

"அது என் வூட்டுக்காரரு எலும்பு இல்லன்னு நீங்க எழுதிக் குடுக்கணும் சார்" என்றாள் லோகநாயகி.

செங்கல்பட்டில் உடற்கூறு பாடம் நடத்தி ஓய்வுபெற்று, வழக்குகளில் எலும்புகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லிவந்த வாசுதேவன் அவளை உட்காரச் சொன்னார். அவரிடம் படித்து, இப்போது அவருக்கு உதவியாக இருந்த மேரி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

லோகநாயகி மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றில் சிலைகளுக்கு மெருகு தேய்ப்பவள். அவள் கணவன் சடையப்பன் அதே கூடத்துச் சிற்பி. 1995இல் காணாமல் போனவன். ஆறு வருஷம் கழித்து, சாலை வேலைக்காகக் கூடத்தின் பின்புறம் தோண்டியபோது ஓர் எலும்புக்கூடு கிடைத்திருந்தது.

"போலீசு ஸ்டேஷன்ல எலும்பு மூட்டைய அவுக்கறதுக்கு முன்னாடியே முதலாளி காசிநாதன் சொல்லிட்டாரு சார். 'கல்யாணத்துக்கு முன்னாடி சாரத்துலேர்ந்து வுழுந்து கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல, இடது காறை எலும்ப ஒடச்சிக்கினான், பாருங்க'ன்னாரு. பாத்தா ஒடஞ்சிதான் கீது. குடிச்சிட்டுப் பள்ளத்துல வுழுந்து செத்தான்னு முடிச்சிட்டாங்க. ஆனா எங்க வூட்டுக்காரருக்கு எலும்பே ஒடஞ்சதில்ல. அப்ப அது வேற யாரோதானே?"

அவள் சொல்வது சரியாக இருக்கட்டும் என்று வாசுதேவன் முதல்முறையாக ஒரு வழக்கில் ஆசைப்பட்டார்.

காவல் நிலையத்தின் பின்னறையில், சப்-இன்ஸ்பெக்டர் ஜெபகுமாரும் காசிநாதனும் லோகநாயகியும் பார்த்திருக்க, அவர் எலும்புகளைப் பாயில் வரிசையாக அடுக்கினார். குறுகிய இடுப்பெலும்பு, ஆண். இரண்டு மேற்கை எலும்புகளையும் எடுத்து மேரியிடம் நீட்டினார்.

"இடதுதான் கனம் சார். தசை பிடிக்கிற இடமும் தடிச்சிருக்கு."

"அவர் சுத்தியல் பிடிச்ச கை எது?"

லோகநாயகி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இடதுதான் சார். ஊருக்கே தெரியும்" என்றார் காசிநாதன்.

மண்டையோட்டில் மேல்வரிசை முன்பல் ஒன்று பாதி உடைந்து மழுங்கியிருந்தது. வாசுதேவன் நிமிர்ந்து பார்த்தார். லோகநாயகியின் கண்கள் சுவரில் இருந்தன.

"கல்லுச் சில்லு தெறிச்சி ஒடஞ்ச பல்லு" என்றாள் மெல்ல. "மொத நாளே பாத்துட்டேன் சார். ஒடஞ்ச எலும்பு அவருது இல்லியேன்னு அத்த புடிச்சிக்கினு இருந்தேன்."

மேரிக்குக் குழப்பம். "அப்போ இந்த முறிவு? மண் தோண்டின இயந்திரம் பட்டிருக்குமோ சார்?"

"பட்டிருந்தா உடைஞ்ச இடம் வெளுப்பா இருக்கும். இது மத்த எலும்பு மாதிரியே மண் நிறம் ஏறியிருக்கு. புதைஞ்சப்பவே உடைஞ்சிருந்தது." வாசுதேவன் இரண்டு துண்டுகளையும் பொருத்திக் காட்டினார். "உயிரோட இருக்கிறவன் எலும்பு முறிஞ்சா சில வாரத்துல புது எலும்பு வளர்ந்து முண்டு கட்டும். வருஷக்கணக்கானாலும் தடம் இருக்கும். இங்க ஒரு துளி வளரல, விளிம்பும் கூர் மழுங்கல. முறிஞ்ச பிறகு இவர் அதிக நாள் உயிரோட இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி உடைஞ்ச எலும்பு இல்ல இது."

காசிநாதன் பக்கம் திரும்பினார். "சம்சாரத்துக்கே தெரியாத முறிவு. மூட்டைக்குள்ள இருந்தது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

காசிநாதன் ஜெபகுமாரைப் பார்த்தார்.

"எங்கிட்ட கத்துக்கினு வேற பட்டறைக்குப் போறேன்னான். கடப்பாரை கையில இருந்திச்சி. தோள்லதான் அடிச்சேன் சார். எலும்பு ஒடையற சத்தம் கேட்டிச்சி. சாவான்னு நெனைக்கல."

"காறை எலும்புக்குக் கீழதான் கைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் ஓடுது" என்றார் வாசுதேவன். "முறிஞ்ச முனை குத்தியிருக்கும்."

லோகநாயகி எழுந்து வந்தாள். "கர்நாடகாவுல, கார்கலா சிற்பப் பட்டறையில அவர பாத்தாங்கன்னு வருஷா வருஷம் சொன்னீங்களே, முதலாளி?"

"சொல்லலன்னா நீ போலீசுக்குப் போயிருப்ப."

அவள் தலையை ஆட்டினாள், ஏதோ நியாயமான பதில் கிடைத்ததுபோல. ஜெபகுமார் காசிநாதனை வெளியே அழைத்துப் போனார். மேரி மூடிய நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லோகநாயகி பாயருகே குனிந்து, இடது கையின் சிறு எலும்புகளில் ஒட்டியிருந்த சாம்பல் நிறச் சேற்றை விரலால் துடைத்தாள். அது போகவில்லை.

"கல்லுத் தேச்ச தண்ணி சார்" என்றாள். "தெனமும் சாயங்காலம் சிற்பக் கொட்டாய்க்குப் பின்னாடிதான் ஊத்துவேன். ஆறு வருஷமா அவரு மேலதான் ஊத்தியிருக்கேன்."