கோரைக்கு இன்னா நோவு?

"ஏய்... யாரும்மா அது? எங்கூட்டு கயனில இன்னா பண்ணிக்கினு கீற?"

குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். கையில் ஒரு பிடி நெல் இலை. கத்திக்கொண்டே ஓடி வந்த வரதன் வரப்பிலேயே நின்றுவிட்டான். அப்பப்பா... என்ன கண்ணுடா சாமி! அதட்ட வந்தவனுக்கு அதட்டவே மறந்துபோனது.

"இலை பறிச்சேன்" என்றாள், கொஞ்சமும் பயமில்லாமல்.

"பறிச்சிக்கினு போறதுக்கு இது இன்னா கீரைத் தோட்டமா?"

அவள் பதில் சொல்வதற்குள் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. வேறு வழி? இரண்டு பேருமே மோட்டார் கொட்டகைக்கு ஓடினார்கள்.

நனைந்த முடியை ஒதுக்கிக்கொண்டே அவள் சொன்னாள். பெயர் கீர்த்தி. பயிருக்குப் பூஞ்சாணத்தாலும் பாக்டீரியாவாலும் வரும் நோய்களை ஆராயும் விஞ்ஞானி. இந்த நெல் பட்டம் முழுக்க உத்திரமேரூரில் அறை எடுத்துத் தங்கி, சாலவாக்கம் பக்கத்துக் கழனிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

'விஞ்ஞானியா! இவ்ளோ அழகாவா?' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டான்.

"இலை ஓரமெல்லாம் காய்ஞ்சு வருதே... என்ன மருந்து அடிச்சீங்க?"

"கடையில குடுத்த பூஞ்சாண மருந்து. மஞ்சளா கீதேன்னு யூரியாவும் வீசினேன்."

"ஐயோ! இது பாக்டீரியாங்க. அந்த மருந்து இதுகிட்ட எடுபடாது. அது மேல யூரியா வேறயா? நோய்க்கு இலை போட்டு விருந்தே வெச்சிருக்கீங்க!"

சுருக்கென்று தைத்தது. ஒரகடத்துக் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தவன் அவன். இந்தப் பயிர் தேறாவிட்டால் பழையபடி ஷிப்டுக்கே போகிறேன் என்று அம்மா தாயாரம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் நைனாவின் கழனியில் கால் வைத்திருந்தான். அவனிடம் போய், உன் கையாலேயே கெடுத்தாய் என்றால்?

"எங்கூட்டு நெல்லு எனக்குத் தெரியும். நீ கெளம்பு."

அவளுக்கும் கோபம் வந்தது. பையிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, ஓர் இலையை நறுக்கி உள்ளே விட்டு, மோட்டார் பெட்டி மேல் நிறுத்தினாள்.

"இன்னாங்க பெரிய இது! பாக்டீரியா இருந்தா வெள்ளையா கசியும். கொஞ்ச நேரம் இத்தையே பாத்துக்கினு இருங்க. அப்பால பேசுங்க!"

அட, கோபம் வந்தால் நம்ம ஊர்ப் பேச்சு! அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தான். முடியவில்லை. இலை நறுக்கிய இடத்திலிருந்து கஞ்சித் தண்ணீர் போல வெள்ளையாக ஏதோ கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. வீம்பாவது ஒன்றாவது... பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டமாக ஓடினான்.

"மேடம்... தப்பு எம்மேலதான். இன்னா பண்ணணும் சொல்லுங்க."

சொட்டச் சொட்ட நின்றவனைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யூரியாவை நிறுத்துங்க. தண்ணியை வடிங்க. சாணியைக் கரைச்சு, தெளிவை மட்டும் எடுத்து அடிப்போம். நானும் வரேன்."

வந்தாள். வாரம் தவறாமல் வந்தாள். புது இலைகள் பச்சையாக விரிய விரிய, அவளைக் கூப்பிடக் காரணம்தான் குறைந்துகொண்டே போனது. கதிர் வந்து பயிர் தேறிவிட்டது என்று அவள் சொன்ன அன்று தாயாரம்மாள் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். வரதனுக்கோ இனிக்கவே இல்லை.

"அந்தப் பொண்ணு நாளைக்கு ஊருக்குப் போவுதாம்டா" என்று அம்மா சொன்னதுதான் தாமதம், கழனியில் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு பைக்கை எடுத்தான்.

உத்திரமேரூர் அறையில் கீர்த்தி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் நோவு வந்துடுச்சு" என்று இலையை நீட்டினான்.

பதறிப்போய்க் குழாயில் விட்டாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அவள் இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்... கண்கள் விரிந்தன.

"வரதன்... இது நெல்லே இல்ல. கோரை!"

"ஆங்?"

"கோரைக்கு இன்னா நோவுன்னு இத்த எடுத்துக்கினு வந்தீங்க?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை அவனுக்கு.

"நோவு எனக்குத்தான்... நீ போறன்னு கேட்டதும் கையில எது வந்துச்சோ கிள்ளிக்கினு வந்துட்டேன். நெல்லுக்கு இனிமே எந்த நோவும் வரவேணாம் கீர்த்தி. ஆனா நீ வரணும். உன்ன ரொம்பப் புடிச்சிருக்கு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மடல் வரை சிவந்திருந்தது.

"நெல்லு எது, கோரை எதுன்னு தெரியாத ஆளைக் கட்டிக்கினு நான் இன்னா பண்றது?"

"இன்னா சொன்ன? கட்டிக்கினா?"

"ஆமா... ஆமா! முதல்ல போய் அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள் கீர்த்தி, கட்டிய பெட்டியை அவிழ்த்துக்கொண்டே.