மிகச் சிறிய மாற்றம்

உமையாள் மூன்றாவது முறையாகத் தலைவரை நீக்கினாள். அப்போதும் புரட்சி நடந்தது.

"இது என்ன கூத்தா இருக்கு!" என்று அவள் போட்ட சத்தத்தில் வாசிப்பறையின் பக்கத்து இருக்கையிலிருந்த சக தொழிலாளி சவரிமுத்து எட்டிப் பார்த்தார்.

"யாரைம்மா நீக்கின?"

"பேச்சாளர் கருத்திருமனை. அவரு பேச்சைக் கேட்டுத்தான் கீழ்க்குடாவே கொதிச்சிதுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம்லா? அவரு பொறக்கவே இல்லைன்னு வச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. ரெண்டு நாள் தள்ளி நடக்கு, அவ்வளவுதான்."

நிகழ்களஞ்சியம் வந்த பிறகு வரலாறு படிக்கிற விதமே மாறிப்போயிருந்தது. நூறாண்டுகளுக்கு முன் கீழ்க்குடா என்ற கடலடி நகரில் வாழ்ந்த ஆறாயிரம் பேரின் கடிதங்கள், கதவுப் பதிவுகள், சண்டைகள், சமாதானங்கள் எல்லாவற்றையும் அது விழுங்கி, ஆளுக்கொரு நிழலுரு செய்து வைத்திருந்தது. இன்றைய நகரங்களின் பதிவுகளையும் அன்றன்றைக்கு விழுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றை நீக்கச் சொன்னால் நீக்கும். அது இல்லாத உலகில் மற்ற நிழலுருக்கள் தம்போக்கில் வாழும். வாசகர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும்.

உமையாள் வேடிக்கைக்கு வரவில்லை. அவள் முத்துத்தளத்தின் காற்றுக்குழாய்ப் பிரிவில் சங்கச் செயலாளர். மன்னார் வளைகுடாவின் அடியில் கிடக்கும் அந்த நகரில் நான்காம் தளத்துச் சுவர் விரிசல் விட்டிருந்தது. அங்கே முன்னூறு பேர் படுத்துறங்குகிறார்கள். அவளுடைய தங்கை வேலம்மாளும் எட்டு மாதக் குழந்தையும் அதில் உண்டு. நிர்வாகமோ விரிசலின் மேல் பசையைப் பூசிப் பூசி நாளைக் கடத்திக்கொண்டிருந்தது. பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தினால் ஒழிய அது அசையாது. அதற்குத் திங்கட்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் ஒரு ஷிப்ட்காரன் இன்னொரு ஷிப்ட்காரன் முகத்தைப் பார்த்துப் பேசினால்தானே சேர முடியும்? கீழ்க்குடாக்காரர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

துண்டறிக்கைகளை நீக்கினாள். கொடுங்கோல் மேற்பார்வையாளரை நீக்கினாள். ஒரு வாரம் சோறு கிடைக்காத கதையைக்கூட நீக்கினாள். புரட்சி பிடிவாதமாக நடந்தது. அலுத்துப்போய், நிழலுருக்கள் ஒரு நாளில் எங்கெங்கே நிற்கின்றன என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் எல்லாரும் ஒரே இடத்தில் மொய்த்தார்கள். தேநீர்க்கூடம். ஒரே அண்டா, ஒரே வரிசை. வேலை முடித்துப் போகிறவனும் வேலைக்கு வருகிறவனும் பத்து நிமிடம் அடுத்தடுத்து நின்றார்கள்.

அவள் தேநீரை நீக்கவில்லை. வருகிறவர்களுக்குப் பத்து நிமிடம் தள்ளி வைத்தாள், அவ்வளவுதான்.

புரட்சி நடக்கவில்லை. ஆறாயிரம் பேரும் தனித்தனியாகப் புலம்பிவிட்டுப் படுக்கப் போனார்கள். கருத்திருமன் அருமையாகப் பேசினார். கேட்க நாற்பது பேர் இருந்தார்கள். பதினொரு முறை ஓட்டிப் பார்த்தாள். பதினொரு முறையும் அதே கதைதான்.

"அட, ஒரு டீயா!" என்றார் சவரிமுத்து. "நம்ம கூடத்துலயும் அதே ஆறு மணி டீதானே?"

"அதான் அண்ணாச்சி! திங்கக்கிழமை காலைல அங்க வச்சே பேசிருவோம். ரெண்டு ஷிப்டும் கையில டம்ளரோட நிக்கும், யாரையும் தேடிப் போவாண்டாம்."

திரையில் ஒரு வரி மின்னியது: 'இதுவரை எவரும் காணாத விடை. உங்கள் பெயருடன் வெளியிடலாமா?'

"அமுத்தும்மா, நம்ம ஊருக்கே பேரு!" என்றார் சவரிமுத்து. நிகழ்களஞ்சியத்தின் முகப்பில் பெயர் வருவதென்றால் சும்மாவா? அமுக்கினாள். அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்குள் இரண்டு லட்சம் பேர் அதைப் படித்துவிட்டார்கள். வேலம்மாள் கூப்பிட்டு, "யக்கா, இங்க எல்லாரும் உன் பேரைத்தான் சொல்லுதாவ" என்று பூரித்தாள். பின்னணியில் வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நிர்வாகத்தாரும் படிக்கத் தெரிந்தவர்கள்தான் என்ற எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை.

திங்கள் காலை ஆறு மணிக்குத் தேநீர்க்கூடம் பூட்டிக் கிடந்தது. கதவில் ஓர் அறிவிப்பு: 'தொழிலாளர் நலன் கருதி, இன்று முதல் தேநீர் அவரவர் இடத்துக்கே வரும்.' சக்கரப் பரிமாறிகள் நடைவழியெங்கும் உருண்டுகொண்டிருந்தன. இரவு ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்கே கொடுத்து, படுக்க அனுப்பிவிட்டன. கூடவே ஆளுக்கு ஒரு பருப்பு வடை.

உமையாள் குழாய்க்குக் குழாய் ஓடினாள். "வாங்க, கூடத்து வாசல்ல நிப்போம்!"

"இந்தா வாரேன்க்கா, டீ ஆறிரும்."

"நாளைக்குப் பேசுவோமே. இன்னிக்குத்தான் மனுஷனா மதிச்சுக் குடுத்திருக்கான்."

சவரிமுத்து வந்தார், கையில் டம்ளரோடு. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். "இஞ்சி தட்டிப் போட்டுருக்கான் பாவி," என்றார். "நல்லாவும் இருக்கு."

வாசலில் சேர்ந்தது ஒன்பது பேர். ஒன்பது பேர் நின்றால் எந்தக் குழாயும் நிற்காது. நிர்வாகம் அவர்களை மரியாதையாக வணங்கி அனுப்பிவிட்டு, விரிசலில் இன்னொரு கை பசை பூசியது.

அழுகையும் ஆத்திரமுமாக அவள் வாசிப்பறைக்குப் போனாள். 'முத்துத்தளப் புரட்சி' என்று கேட்டாள்.

'அப்படி ஒரு நிகழ்வு இல்லை' என்றது நிகழ்களஞ்சியம். 'அது நடந்திருக்க எது மாறியிருக்க வேண்டும் என்று பார்க்கலாமா?'

"பாரு."

இரண்டு நிமிடம் ஓடிற்று. பிறகு எழுத்துகள் வந்தன: 'வியாழக்கிழமை மாலை வாசகர் உமையாள் தன் கண்டுபிடிப்பை வெளியிடாமல் இருந்திருந்தால் போதும்.'

"எத்தனை தடவை ஓட்டிப் பாத்த?" என்று கேட்டாள்.

'ஆயிரம் முறை. ஆயிரத்திலும் நான்காம் தளத்துச் சுவர் சரிசெய்யப்பட்டது.'