நீலத் திரைக்கு முன்னால் ஒரு பிணம்

செல்போன் அலறியது.

கொக்கிரகுளம் ஆற்றுப் பாலத்தில் டிராபிக்கில் மாட்டிக்கொண்டிருந்த ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் பெர்சிஸ் எடுத்தாள்.

"மேடம்... கிங்ஸ்லி செத்துக் கிடக்கான்! அவன் வீட்டுல... கம்ப்யூட்டர் முன்னாடி!"

"நீ யாரு?"

"ஸ்ரீசரண். அவன் கூட்டாளி..."

கிங்ஸ்லி! பாளையங்கோட்டையின் ஓவர்கிளாக் மன்னன். கம்ப்யூட்டரை அதன் அளவுக்கு மீறி ஓடவைத்து, சாதனை என்று வீடியோ போடுகிறவன். மன்னன் என்பது அவனே சூட்டிக்கொண்ட பட்டம்!

மன்னன் இப்போது மேஜைக்குக் கீழே, ஒரு கோணிச்சாக்கின் மேல் குப்புறக் கிடந்தான். வெறுங்கால். வலது ஆள்காட்டி விரல் கருகியிருந்தது.

மேஜைமேல் அவனுடைய கம்ப்யூட்டர். பெட்டியின் பக்கக் கண்ணாடிக்குள்ளே மெமரிக் குச்சிகள் நாலும் சிவப்பு, பச்சை, ஊதா என்று மினுக்கின. கல்யாண வீட்டு சீரியல் செட் தோற்றது! திரை முழுக்க நீலம். அதில் ஒரு அழுமூஞ்சிக் குறி.

"செத்தவனுக்கு இது ஒண்ணாவது அழுதே..." பெர்சிஸ் உதட்டைச் சுழித்தாள்.

ஏட்டு கொம்பையா பெட்டியை நகர்த்தப் போனார்.

"கைய எடும் வே!"

சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். மேஜைமேல் கிடந்த டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் இரும்பில் வைத்தாள்.

பளிச்!

மெயினை அணைத்துவிட்டு மேஜைக்கடியில் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்தாள். எர்த் வயர் வெட்டப்பட்டிருந்தது. கரண்ட் வயரிலிருந்து ஒரு துண்டு நேராகக் கம்ப்யூட்டரின் முதுகு ஸ்குரூவுக்குப் போனது.

விபத்தல்ல... பொறி!

வாசலில் ஒரு அலறல். கிங்ஸ்லியின் மனைவி ரீபா, தகவல் கேட்டு பஸ் ஏறாமலே பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள்.

"இவன்தான் மேடம் கொன்னுட்டான்! என் வீட்டுக்காரர் மேல இவனுக்குப் பொறாமை!"

விரல் நீண்ட இடத்தில் ஸ்ரீசரண். கண்ணாடி போட்ட ஒல்லி உருவம்.

"கூட்டாளி விழுந்து கிடக்கான். நீ தொட்டுக்கூடப் பாக்கல. ஏன்டே?"

"விரலைப் பாத்ததும் கரண்டுன்னு தெரிஞ்சுது மேடம். பயத்துல வெளிய ஓடிட்டேன்."

"மெயினை அமத்தத் தோணலையோ? ரொம்பத் தைரியசாலிதான்! எதுக்கு வந்தே?"

"அவன்தான் கூப்பிட்டான்." செல்போனில் ஒரு குரல் பதிவை ஓடவிட்டான்.

'ஏலே சரண்! மெமரி நிக்கமாட்டேங்கு. நீயே வந்து பெட்டியைத் தொறந்து பாரு. செருப்பை வாசல்லயே விட்டுரு, இப்பதான் தரையைத் துடைச்சேன்...'

"நிக்கமாட்டேங்குன்னா?"

அந்த நிலைமையிலும் ஸ்ரீசரண் முகத்தில் இளக்காரம் எட்டிப்பார்த்தது.

"சரியா ஓடமாட்டேங்குன்னு அர்த்தம். எப்படி மேடம் நிக்கும்? மெமரி வாங்குதவன் அது மதர்போர்டுக்கு ஒத்துவருமான்னு பாப்பான். இவன் லைட்டு எரியுதான்னு பாத்தான்! ரெண்டு கம்பெனிக் குச்சியைக் கலந்து போட்டான். ஸ்பீடை ஏத்துனா டைமிங்கை, அதாவது மெமரி பதில் சொல்லுத அவகாசத்தைத் தளர்த்தணும். இவன் ரெண்டையும் சேத்து முறுக்குனான். பைய ஏத்தி, ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் ஓட்டிப் பாக்கணும். அதுக்குப் பொறுமை ஏது?"

"பொறவு எப்படி சாதனை?"

"அதெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டுல நம்பரை மாத்துனது! சென்னையில நடக்குத ஓவர்கிளாக் போட்டிக்கு வந்தா நடுவர்கிட்டச் சொல்லிருவேன்னு அவன் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டேன்."

பெர்சிஸின் புருவம் ஏறியது.

"அந்த நீலத் திரை?"

"மெமரி தாங்கலைன்னா கம்ப்யூட்டர் அப்படித்தான் அசையாமத் தொங்கும். தொங்குனா நாங்க யோசிக்கவே மாட்டோம். கை தானாப் போயி ரீசெட் பட்டனை அமுக்கிரும்."

"பட்டன் எங்கன இருக்கு?"

"பெட்டி முகப்புல. ஷோவுக்கு இரும்புப் பட்டனா மாத்தி வச்சிருந்தான்."

பெர்சிஸ் ரீபாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ எங்கம்மா போனே?"

"திசையன்விளைக்குக் கிளம்புனேன், அம்மா வீட்டுக்கு. உடனே போன்னு அவருதான் விரட்டுனாரு. நான் கிளம்பும்போது கீழ உக்காந்து அந்தக் கரண்டுப் பெட்டியைத் தொறந்து வச்சு, வயரை..."

ரீபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேடம்!" பிணத்தைச் சோதித்த கொம்பையா கத்தினார். "இவன் பாக்கெட்டுல வயர்த் துண்டு! ரப்பர் கையுறை!"

பெர்சிஸ் ஸ்ரீசரணின் தோளில் கை வைத்தாள்.

"நீ கொலைகாரன் இல்லடே... சாக வேண்டியவன்!"

"நா... நானா?"

"நடுவர்கிட்டச் சொல்லிராம உன் வாயை அடைக்க வச்ச பொறி இது. வெறுங்காலோட ஈரச்சாக்குல நின்னு பெட்டியைத் தொட வேண்டியவன் நீதான். நீ வாறதுக்குள்ள அவனுக்குக் கை அரிச்சிருக்கு. மெமரியை இன்னொரு முறுக்கு முறுக்கியிருக்கான். தொங்கிருச்சு. விரல் தானாப் போயிருச்சு!"

ஸ்ரீசரண் குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

ரீபாவின் அழுகை சட்டென்று நின்றது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இந்த ஆளுக்கா இவ்வளவு நேரம் அழுதேன்?"

கொம்பையாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"கரண்டை வச்சவனுக்கே, வச்சது மறந்துபோகுமா மேடம்?"

பெர்சிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"பெட்டிக்குள்ள நாலு மெமரிக் குச்சி சொருகுனானே வே... மண்டைக்குள்ள ஒண்ணு சொருகியிருக்கலாம்!"